எலியட்டை எங்கே விட்டுவிட்டோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் லிங்கனை முடித்த கையோடு மார்ட்டின் லூதர் கிங்குக்கு வந்துவிட்டது. நடுவில் கிட்டத்தட்ட 90 ஆண்டுகள்! அங்கே விடுபட்டுப்போன ஒருவருக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் ராபர்ட் பிரவுன் எலியட், கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களை நாட்டோடு மறுபடி இணைத்த மறுசீரமைப்புக் காலத்தில், 1870இல், தென் கரோலினாவிலிருந்து நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானவர். அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் 16 பேர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாட்டுக்கே சட்டம் இயற்றும் சபையில் அவருக்கு இடம் இருந்தது. வட கரோலினாவில் ஓர் உணவகத்தில், இங்கே சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்; சண்டை போட்டுத்தான் சாப்பிட்டார்.

ரயில், விடுதி, நாடக அரங்கு எதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்றொரு மசோதா வந்தது. அதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் துணைத் தலைவராக இருந்தவர். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று 1861இல் முழங்கியவரும் இவரே. அவர் பேசிய மறுநாள், 1874 ஜனவரி 6 அன்று, எலியட் எழுந்தார். என் தோல் கறுப்பு என்பதால் சுயநலத்துக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இது நியாயம், அதனால் ஆதரிக்கிறேன் என்று தொடங்கினார். அப்புறம் அந்த மூலைக்கல் பேச்சையே எடுத்து, பேசியவர் முன்னால் வைத்தார். இவர் அப்படி அறிவித்து உலகத்தையே அதிரவைத்துப் பன்னிரண்டு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லையே என்று கேட்டார். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மசோதா 1875இல் சட்டமானது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மாநில அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, தேர்வான எலியட்டின் பதவியும் அதற்கு முன்பே, 1877இல், பறிக்கப்பட்டிருந்தது. 1884இல் நியூ ஆர்லியன்ஸில் வறுமையில் இறந்தார். அவர் கேட்டது மறுபடி சட்டமாக 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 16 பேரைப் பற்றியும் ஒரு தொடர் வெளியிடுங்கள். முதல் வாரத்தில் எலியட்டின் அந்த உரையைத் தமிழில் முழுசாகப் போட்டால் ரொம்ப நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்