புழுதி நெல்லுக்கு விதையோடு பொட்டாஷும் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ராமநாதபுரத்தில் புழுதியில் விதைக்கும் நெல், முதல் மழைக்கு முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடுகிறது. மறுவிதைப்புக்குப் பலரிடம் விதை இருக்காது. விதையைக் கடினப்படுத்தி, அதாவது பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து மறுபடி உலர்த்தி, விதைத்தால் இளம்பயிர் அந்த ஆரம்ப வறட்சியைத் தாங்கும். 30 கிலோ விதைக்கு 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ் உப்பு) கரைக்க வேண்டும். 16 மணி நேரம் ஊறினால் போதும். கூடுதலாக ஊறவிட்டால் முளை எட்டிப் பார்க்கும்; உலர்த்தும்போது அது செத்துவிடும். வெயிலில் காயப்போடவே கூடாது. நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடித்தால் நறுக்கென்று உடையணும். செலவு சொற்பம். வேளாண் விரிவாக்க மையங்கள் விதையோடு இந்த உப்பையும் பொட்டலமாக ஆவணிக்குள் கொடுக்க வேண்டும். விதைப்பு நெருங்கும்போது கொடுத்தால் உலர்த்தவே நேரமிருக்காது.

– வாசகர், முதுகுளத்தூர்