நோட்டீஸ் ஒட்டியாச்சு, பாக்கி எப்போது? கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கடையும் கம்பெனியும் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களுக்கு நோட்டீஸ், போஸ்டர், ரீல்ஸ் செய்து தரும் சின்ன விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மாடியில் ஒரே அறை, நாங்கள் நாலு பேர். ஒரு தம்பி டிசைன், ஒருவர் கேமரா, ஒரு அக்கா மலையாளத்தில் எழுதுவார். தமிழ் எழுத்தும் பில் போடுவதும் நான்.

பில்லைப் பார்த்ததும், "ஒரு போட்டோ, நாலு வரி, இதுக்கு இவ்வளவா?" என்கிறீர்கள். அந்த நாலு வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் சித்தூர் தாலுகாவில் ஒரே தெருவில் தமிழ் படிப்பவரும் இருக்கிறார், மலையாளம் படிப்பவரும் இருக்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றுக்கு வெளியிலிருந்து எழுதி வந்த தமிழ் வாசகம், 'உங்கள் வீட்டில் எப்போதும் சுத்தமான வெள்ளம்'. அச்சுக்குப் போவதற்கு முன் அதைப் பிடித்து நிறுத்தியது எங்கள் மேசைதான்.

அப்புறம் எழுத்து. டிசைன் மென்பொருளில் நம் மொழிகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். நம் ஊர்ப்பெயரே கொம்பில்தான் ஆரம்பிக்கிறது! ராத்திரி பதினோரு மணிக்குத் தம்பி திரையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொம்பாக விரல் வைத்துப் பார்ப்பான். பில்லில் இருப்பது அந்த ராத்திரியின் கூலி.

போன ஓணத்துக்கு ஒரு கடைக்கு முழு விளம்பர வேலையும் செய்து கொடுத்தோம். கூட்டம் நன்றாக வந்தது என்று அவர்களே சொன்னார்கள். ஓணம் முடிந்து பொங்கலும் போய்விட்டது, பாதிப் பணம் இன்னும் வரவில்லை. கேட்கப் போனால் உட்காரவைத்து டீ வாங்கித் தருகிறார்கள், "அடுத்த வாரம்" என்கிறார்கள். கேமராவுக்கு மாதத் தவணை கட்ட எங்கள் கேமராக்காரர் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தார். அதை அந்தக் கடையில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான்.

சட்டமும் இருக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பெற்ற எங்களைப் போன்ற குறு நிறுவனத்துக்கு, எழுத்தில் எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். பேசிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 2006-ல் வந்த சட்டம் இது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு விதி வந்திருக்கிறது: கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுக்கிற வருஷத்துச் செலவாகத்தான் காட்ட முடியும். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள். தினமும் முகம் பார்க்கிற ஊரில் சட்டத்தைக் காட்டி வசூலிக்க எங்களுக்கு மனசில்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி வேலை முடிந்த 15 நாளுக்குள். இன்னொன்று, "சும்மா ஒரு மாதிரி போட்டுக் காட்டுங்க, பிடிச்சா வேலை தர்றோம்" என்று மூன்று பேரிடம் கேட்டு வாங்காதீர்கள். அந்த மாதிரிக்கும் ஒரு ராத்திரி போகிறது.

ஓண வேலை ஆடியிலேயே ஆரம்பித்துவிடும். பேச வாருங்கள். டீ நாங்கள் வாங்கித் தருகிறோம். பணம் தரும் தேதியை அன்றைக்கே தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
மாடி அறை நால்வரில் ஒருவர்