மாவுக்கு எதற்கு உறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் உறையை ஒழிக்கப் போனால் உணவு வீணாவதுதான் கூடும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது என்ற ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைக் கணக்கையும் காட்டியிருந்தார். பாலுக்கு அவர் சொல்வது சரி. பால் உறை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். (மூலையை முழுசாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தத் துணுக்கை எந்தப் பழைய பொருள்காரரும் பொறுக்க மாட்டார்.) ஆனால் மதுரை செல்லூரில் பதினோரு வருடமாக இட்லி மாவு ஆட்டி விற்கிறவள் நான். மாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மாவை உறையில் ஊற்றி ஒட்டினாலும் அது பாட்டுக்குப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். சித்திரை வெயிலில், காலையில் ஒட்டிய பாக்கெட்டை வெளியே வைத்தால் மதியத்துக்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். ஒருநாள் கரண்ட் போய், பிரிட்ஜுக்குள்ளேயே நாலு பாக்கெட் வாய் பிளந்து, தட்டெல்லாம் வழிந்து, கழுவ ஒன்றரை மணி நேரம் ஆனது. மாவைக் காப்பது குளிர்ச்சிதான். சிந்தாமல் வீடு சேர்ப்பது மட்டும்தான் உறையின் வேலை. அதை ஒரு தூக்குவாளி செய்துவிடும்.

வீணாவது அளவால். பாக்கெட் என்றால் ஒரு கிலோ. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, வேளைக்கு இரண்டு தோசைக்கு மேல் சாப்பிட மாட்டார். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பம். அதற்கும் மிஞ்சியது சாக்கடைக்கு. இப்போது மூடி போட்ட சொம்போடு வந்து கால் கிலோ வாங்கிப் போகிறார். உறையும் மிச்சம், மாவும் மிச்சம்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது, முடிச்சுப் போட்டுத் தருகிற மெல்லிய பையை நிறுத்தினேன். அதற்குப் பதில் வந்தது இந்தத் தடித்த உறை. குப்பையின் எடை கூடியதுதான் கண்ட பலன். மஞ்சப்பையில் மாவு வாங்க முடியாதே! அதனால் பாத்திரம் கொண்டு வந்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தேன்.

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. பழைய மாவு ஓரத்தில் ஒட்டிய டப்பாவை அப்படியே நீட்டுவார்கள். அதில் புது மாவை ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும், பழி எனக்கு வரும். இப்போது கடை வாசலில் குழாய் வைத்து, கழுவிவிட்டுத்தான் ஊற்றுகிறேன். அப்புறம், சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்து நேராக வருகிறவர்கள் கையில் ஏது பாத்திரம்? நீலகிரியில் 2022-ல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அந்த யோசனையில் இருபது எவர்சில்வர் டப்பா வாங்கி, 150 ரூபாய் முன்பணம் வைத்துக் கொடுக்கிறேன். ஆறு மாதத்தில் திரும்பாதது மூன்று. ஒன்று வேறு யாரோ வீட்டு மூடியோடு வந்தது.

இப்போது சிக்கல் வேறு. சென்ற மாதம் சோதனைக்கு வந்த ஒருவர், மாவை உறையில் ஒட்டி, தேதி போட்டுத்தான் விற்க வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன் வந்தவர் ஏன் பிளாஸ்டிக் என்று கேட்டவர். தேதி வேண்டும் என்பது நியாயம்தான். வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்றுதான் மாவு ஆட்டிய நேரத்தைத் தினமும் சிலேட்டில் எழுதிக் கடை முகப்பில் மாட்டுகிறேன். அது போதுமா, வாங்குபவர் பாத்திரத்தில் அளந்து ஊற்றலாமா என்பதை அதிகாரிகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதையும் சிலேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மாவுக்கடைக்காரர் ஒருவர்,
செல்லூர், மதுரை.