கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அப்பா சொல்றது

பாப்பா,

நல்லா இருக்கியாம்மா. மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, குட்டிப்பய எல்லாரும் சுகம்தானே. நேத்து நீ க்ரூஸ் டிக்கெட் போட்டோ அனுப்புனதுல இருந்து அம்மாவுக்கு கால் தரையில இல்ல, தெருவுல பாக்குறவங்ககிட்ட எல்லாம் எம்மக சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல பினாங்கு, புக்கெட் போறான்னு சொல்லிட்டு இருக்கா. எனக்கும் சந்தோஷம்தான். போன்லயே இதெல்லாம் சொல்லியிருப்பேன், ஆனா நீ ஆபீஸ் அவசரத்துல சரிப்பா சரிப்பான்னு வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

நேத்து அம்மா உன்கிட்ட, நாலு பேர் ஒரே ரூம்ல இருந்துட்டு துணிமணி எல்லாம் எங்கடி வைப்பீங்கன்னு கேட்டதுக்கு நீ சொன்ன, அதெல்லாம் அப்படியே போட்டுட்டு வெளிய போயிடுவோம்மா, எடுத்து வைக்க அங்க ஆள் இருக்குன்னு. நீ சாதாரணமாத்தான் சொன்ன, தப்பா எதுவும் நினைச்சு சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா ராத்திரி எனக்கு தூக்கம் வரல. 1997ல இருந்து 2013 வரைக்கும் அந்த ஆளா இருந்தவன் நான்.

அப்பா கப்பல்ல வேலை பாக்குறாருன்னு ஸ்கூல்ல நீ பெருமையா சொல்லுவ. ஹவுஸ்கீப்பிங்னும் உனக்குத் தெரியும். ஆனா உள்ள என்ன நடக்கும்னு நான் வீட்டுல பேசுனதே இல்ல, லீவுக்கு வர்ற ரெண்டு மாசத்துல எதுக்கு அதைப் பேசணும்னு விட்டுட்டேன். இப்ப நீயே பாஸஞ்சரா போற, அதனால சொல்றேன்.

கேபின் ஸ்டூவர்டுன்னா பாஸஞ்சர் ரூமை சுத்தம் பண்றவன், அவனுக்கு ஒரு செக்‌ஷன்னு குடுப்பாங்க, எனக்கு பெரும்பாலும் 18 ரூம். காலையில 8 மணியில இருந்து 1 மணிக்குள்ள முடிக்கணும். கணக்குப் போட்டா ஒரு ரூமுக்கு 17 நிமிஷம் கூட முழுசா வராது, அதுக்குள்ள பெட் போட்டு, பாத்ரூம் கழுவி, டவல் மாத்தி, குப்பை எடுத்து, வேக்குவம் போட்டு, கண்ணாடி துடைச்சு வெளிய வரணும். சாயங்காலம் எல்லாரும் டின்னருக்குப் போனதும் இன்னொரு ரவுண்டு. இப்ப நிறைய கப்பல்ல ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வர்றாங்க, ஆனா அதுக்காக ஒரு ஆளுக்கு குடுக்குற ரூமைக் கூட்டிட்டாங்கன்னு எங்கூட இருந்த பயலுக சொல்றாங்க. ஞாயிறு லீவு கிடையாது, தீபாவளி கிடையாது, ஆறு மாசமோ எட்டு மாசமோ கான்ட்ராக்ட் முடியிற வரைக்கும் தினமும் வேலைதான். 2013 ஆகஸ்ட்ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, அதுல ஒரு நாளைக்கு குறைஞ்சது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு இருக்கு. கேக்க நல்லா இருக்கும், ஆனா 24 மணி நேரத்துல 10 மணி நேரம் ஓய்வுன்னா மீதி எவ்வளவுன்னு நீயே பாத்துக்கோ.

இப்ப ரூம் விஷயத்துக்கு வர்றேன். அழுக்கு வேற, அலங்கோலம் வேறம்மா. தரையில மணல் கிடக்கு, சிங்க்ல பேஸ்ட் ஒட்டியிருக்கு, பாத்ரூம் ஈரமா இருக்கு, குட்டிப்பய பிஸ்கட்டை கார்ப்பெட்ல நொறுக்கி வச்சிருக்கான், இதெல்லாம் உங்க ரூமைப் பாக்குற ஸ்டூவர்ட் தம்பியோட வேலை, அதுக்கு நீ வெக்கப்பட வேண்டாம், அவனும் முகம் சுளிக்க மாட்டான். ஆனா பெட் மேல உங்க துணி, நகை, சார்ஜர், பாஸ்போர்ட், உள்பாவாடை எல்லாம் குமிஞ்சு கிடந்தா அவன் என்ன செய்வான்? பெட் போடணும்னா அதைத் தொட்டு எடுக்கணும். தொட்டா பிரச்சனை, தொடலன்னா பெட் போடலன்னு கம்ப்ளைன்ட். இந்த இடத்துலதான் எங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2003, அலாஸ்கா சீசன். ஒரு ரூம்ல பெட்டு பூரா துணி. அன்னைக்கு ஷீட் மாத்துற நாள், வேற வழியில்லாம மொத்தமா அள்ளி சோபாவுல வச்சுட்டு வேலையை முடிச்சேன். சாயங்காலம் அந்த ரூம்ல தங்கியிருந்த அம்மா தன் கம்மலைக் காணோம்னு கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்க. செக்யூரிட்டி ரெண்டு பேர் வந்து என்னைக் கீழ கூட்டிட்டுப் போனாங்க. தண்ணி மட்டத்துக்குக் கீழ, ஜன்னல் கிடையாது, மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் படுக்குற ரூம் எங்களது. மெத்தையைத் தூக்கிப் பாத்தாங்க, லாக்கரைக் கொட்டினாங்க, ஜூனோங்கிற அலாஸ்கா ஊர்ல உனக்குன்னு வாங்கி கவர் பிரிக்காம வச்சிருந்த பிங்க் ஸ்வெட்டரையும் பிரிச்சு உதறிப் பாத்தாங்க. எங்கூட தங்கியிருந்த இந்தோனேசியாக்காரன் தலையைக் குனிஞ்சு நின்னுட்டு இருந்தான். ரெண்டு நாள் என்னை செக்‌ஷன்லயே விடல. மூணாம் நாள் அந்தம்மா கோட்டு பாக்கெட்டுலயே கம்மல் கிடைச்சிருச்சு. சரி வேலைக்குப் போன்னு சூப்பர்வைசர் சொன்னாரு, அவ்வளவுதான், வேற யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல. அந்த ஸ்வெட்டரைத்தான் நீ நாலாம் கிளாஸ்ல ஊட்டி டூருக்குப் போட்டுட்டுப் போன.

அதனாலதான் சொல்றேன், வெளிய கிளம்பும்போது பெட்டு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது, நடக்குற வழியில ஒண்ணும் இருக்கக் கூடாது. மடிச்சு அடுக்கணும்னு இல்ல, உன் துணியை நீயே சுருட்டி பெட்டிக்குள்ள போட்டு மூடுனாக்கூடப் போதும். கப்பல் கட்டில் உயரமா இருக்கும், பெட்டி அடியில போயிடும். நகையும் பணமும் சேஃப்ல வை. டிப்ஸா குடுக்குற பணம்னா கவர்ல போட்டு பேர் எழுதிக் குடு இல்ல கையில குடு, தலையணை மேல சும்மா வச்சா எடுக்கவா வேண்டாமான்னு அவன் பயந்து அப்படியே விட்டுட்டுப் போயிடுவான்.

டவல் மாத்தணும்னா பாத்ரூம் தரையில போடு, மாட்டி வச்சிருந்தா இன்னும் நீ யூஸ் பண்றன்னு அர்த்தம். பெட்டை நீயே மடிச்சு வைக்காத, சில நல்ல மனுஷங்க பாவமேன்னு பெட் எல்லாம் போட்டு வைப்பாங்க, ஆனா நாங்க அதைப் பிரிச்சுட்டு மறுபடி போடணும், ரெண்டு வேலை. அதுக்குப் பதிலா, நாங்க 9 மணிக்கு டிபனுக்குப் போயிடுவோம் தம்பின்னு முத நாளே ஒரு வார்த்தை சொல்லிடு. அதை விடப் பெரிய உதவி கிடையாது. கதவுல டூ நாட் டிஸ்டர்ப் போர்டை மாட்டிட்டு சாயங்காலம் 4 மணிக்கு ரூம் க்ளீன் பண்ணலையான்னு கேட்டா அன்னைக்கு அவனுக்கு மத்தியானத் தூக்கம் போச்சு, அந்த ரெண்டு மணி நேரத் தூக்கம்தான் ராத்திரி வரைக்கும் தாங்கும்.

சம்பந்தியம்மா இன்சுலின் போடுறாங்கள்ல, இதை முக்கியமா கவனி. 2008ல ஒரு ரூம்ல ஷீட்டை உருவும்போது உள்ள கிடந்த ஊசி என் உள்ளங்கையில குத்திடுச்சு. யார் ரத்தம், என்ன நோய்னு தெரியாது. கப்பல் டாக்டர் ரத்தம் எடுத்தாரு, அப்புறம் திரும்பத் திரும்ப டெஸ்ட், ஆறு மாசம் வரைக்கும். ஒண்ணும் இல்லன்னு கடைசியா சொல்ற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அம்மாகிட்டக் கூட சொல்லல, இதைப் படிச்சாத்தான் அவளுக்கே தெரியப் போகுது. ஏறின உடனே ஸ்டூவர்டுகிட்ட யூஸ் பண்ணின ஊசியைப் போடுற டப்பா கேளு, கொண்டு வந்து தருவாங்க. குப்பைக்கூடையில போடாத, டிஷ்யூல சுத்திக்கூடப் போடாத.

குட்டிப்பய வாந்தி எடுத்தா மறைக்காதம்மா. அசிங்கம்னு நினைச்சு டவலால துடைச்சு மத்த டவலோட சேத்துப் போட்டுடுவாங்க நிறைய பேர். கடல் ஆட்டமா, வாந்தி பேதியைப் பரப்புற நோரோ வைரஸான்னு பாத்தவுடனே சொல்ல முடியாது. நோரோவா இருந்தா அந்த டவலைத் தொட்ட கையோட அந்தத் தம்பி அடுத்த 17 ரூமுக்கும் போவான். போன் பண்ணிச் சொல்லு, கிளவுஸ், மாஸ்க், மருந்து எல்லாத்தோடயும் தனியா ஆள் வருவாங்க. சாப்பாட்டு ஹால் வாசல்ல அடிக்கிற சானிடைசரை மட்டும் நம்பாத, நோரோவுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டுக் கழுவணும். அமெரிக்காக்காரன் 1975லயே கப்பலுக்குன்னு தனியா சுகாதார இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பிச்சுட்டான், நூத்துக்கு 85ஓ அதுக்குக் கீழயோ எடுத்தா ஃபெயில். அந்த ஆளுங்க வர்ற அன்னைக்கு எங்க கப்பல் பூரா யாரும் மூச்சு விட மாட்டோம்.

டாய்லெட் வேக்குவம்ல இழுக்குறது, பேப்பர் தவிர எதையும் போடாத, ஒரு வெட் வைப்ஸ் போட்டா உன் ரூம் மட்டும் இல்ல, அந்த வரிசையே அடைச்சுக்கும். கெட்டில், அயர்ன்பாக்ஸ் எடுத்துட்டுப் போகாத, ஏறும்போதே வாங்கி வச்சிடுவாங்க, பால் கலக்க வெந்நீர் வேணும்னா கேளு, தருவாங்க. சேலையை பால்கனியில காயப் போட வேண்டாம்னு சம்பந்தியம்மாகிட்ட பக்குவமா சொல்லு. காத்துல பறக்கும்ங்கிறது மட்டும் இல்ல, 2006 மார்ச்ல ஜமைக்கா போற வழியில ஒரு பெரிய கப்பல்ல பால்கனியில தீ பிடிச்சு ஒருத்தர் இறந்துட்டாரு, சிகரெட் துண்டுல இருந்து பத்தியிருக்கும்னு விசாரணையில சொன்னாங்க. நான் அப்ப வேற கப்பல்ல இருந்தேன், அந்த வாரம் பூரா பால்கனி பால்கனியா போய் துண்டு, துணி எல்லாம் எடுத்தோம். பாத்ரூம்லயே இழுத்து மாட்டுற கொடி இருக்கும், அதுல போடச் சொல்லு. தலைக்கு எண்ணெய் வச்சா தலையணை மேல நம்ம வீட்டுத் துண்டை விரிச்சுக்கச் சொல்லு. வெள்ளை டவல்ல குங்குமம், மை, ஹேர் டை பட்டா லாண்டரியில போகாது, அப்புறம் அதைத் தூக்கித்தான் போடணும்.

நடக்குற வழியை காலியா விடச் சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஏழு சின்ன சைரன், ஒரு நீள சைரன் அடிச்சா எமர்ஜென்சி. அப்ப நீங்க லைஃப் ஜாக்கெட்டோட வெளிய ஓடுவீங்க, இந்தத் தம்பிங்க ஒவ்வொரு ரூமா உள்ள போய் யாராவது இருக்காங்களான்னு பாப்பாங்க. புகையில கண்ணு தெரியாம கையால தடவிக்கிட்டுப் போறவன் கால்ல உன் பெட்டி இடறக் கூடாது.

மூணு நாலு நாள் க்ரூஸ்ல வேலை பாக்குறவங்களுக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி, தெரியுமா. ஏழு நாள் ட்ரிப்னா வாரத்துக்கு ஒரு தடவை ரூமை காலி பண்ணி புதுசாக்கணும், இதுல ரெண்டு தடவை. காலையில ஆள் இறங்குவாங்க, மத்தியானம் புது ஆள் ஏறுவாங்க, நடுவுல இருக்குற நேரத்துல 18 ரூமும் யாருமே தங்காத மாதிரி ஆகணும். அன்னைக்கு நான் மத்தியானம் சாப்பிட்டதா ஞாபகமே இல்ல. கடைசி நாள் ரூமை விடச் சொல்ற நேரத்துக்கு கரெக்டா விட்டுடு, குப்பையை ஒரே கவர்ல போட்டு வை.

டிப்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பில்லுலயே ஏத்துவாங்க, அமெரிக்கக் கப்பல்னா 16ல இருந்து 20 டாலர் வரைக்கும் வரும். கடைசி ராத்திரி கவுன்ட்டர்ல போய் வேண்டாம்னு எடுக்கச் சொல்றவங்க இருக்காங்க. மாப்பிள்ளை அப்படி செய்ய மாட்டாருன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், அது அவன் சம்பளம்மா. நீ ஹாஸ்டல்ல இருந்து படிச்ச நாலு வருஷ ஃபீஸ் அதுல இருந்துதான் கட்டினேன். இறங்கினதும் ஃபீட்பேக் ஃபார்ம் வரும், அதுல அவன் பேரை எழுது, அடுத்த கான்ட்ராக்டுக்கு அது உதவும்.

ஒரு குடும்பம் ஞாபகம் வருது, கரீபியன்ல. அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு, ரூம் பூரா பொம்மை, க்ரயான்ஸ், கத்தரிச்ச பேப்பர். ஆனா அந்த அம்மா தினமும் வெளிய போறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி எல்லாத்தையும் சோபாவுல வைக்க வைப்பாங்க, அதுவும் பொம்மைகளை வரிசையா என்னைப் பாக்குற மாதிரி உக்கார வச்சிட்டுப் போகும். உனக்கும் அப்ப அஞ்சு வயசு, நான் உன்னைப் பாத்து ஏழு மாசம் ஆச்சு, போன் கார்டு வாங்கினா பத்து நிமிஷம் பேசலாம், அதுல நீ அஞ்சு நிமிஷம் அழுவ. நான் டவல்ல யானை செஞ்சு அந்த பொம்மைங்களுக்கு நடுவுல வச்சிட்டு வருவேன். குட்டிப்பயலுக்கும் அப்படி சொல்லிக் குடு, அவன் பொம்மையை அவனே எடுத்து வைக்கட்டும், யானை கண்டிப்பா வரும்.

அந்தத் தம்பி பேர் ரூம்ல ஒரு கார்டுல போட்டிருக்கும், பேர் சொல்லிக் கூப்பிடு, உங்க நாலு பேர் பேரையும் அவன் முத நாளே மனப்பாடம் பண்ணியிருப்பான். எந்த ஊருன்னும் கேளு. பிலிப்பைன்ஸோ இந்தோனேசியாவோ இருக்கும், நம்ம ஊர்ப் பயலாக்கூட இருக்கலாம், தூத்துக்குடி, நாகர்கோயில் பக்கத்துல இருந்து இப்பவும் போயிட்டுதான் இருக்காங்க. அப்படி இருந்தா சிக்னல் கிடைக்கிற நேரமா பாத்து போனை அவன்கிட்ட குடு, நான் ரெண்டு வார்த்தை பேசணும்.

அம்மா இஞ்சி மரப்பா செஞ்சு பார்சல் போட்டிருக்கா, ஆட்டம் குடுத்தா வாயில போட்டுக்கோங்க.

அப்பா