ஆண்டறிக்கை 2024–25: மோனிஷாவின் படங்களைப் பார்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்த வெயிலிலும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ் வாசகர்களான நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். இதில் பெரும்பகுதி, மலையாளத்திலும் தமிழிலும் நடித்து 21 வயதிலேயே மறைந்த நடிகை மோனிஷாவின் படங்களைப் பற்றியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

வழக்கமாக நடப்பவை வழக்கம்போல் நடந்தன. கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி. என். பணிக்கர் நினைவுநாளான ஜூன் 19 அன்று வாசிப்பு தினம் கொண்டாடினோம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு கதையை எடுத்துச் சத்தமாக வாசித்தார்கள். ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு கொண்டுபோனபோது வீடு வீடாகப் போய்த் திரட்டியதை முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பினோம். ஓணமும் பொங்கலும் சேர்ந்தே கொண்டாடுகிற ஊர் நம்முடையது. வயநாட்டுத் துக்கத்தால் இந்த முறை ஓணத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டோம், பொங்கலை எப்போதும்போல் வைத்தோம்.

இந்த ஆண்டு இரண்டு பெரியவர்களுக்கு இரங்கல் தெரிவித்தோம். 2025 ஜனவரி 9 அன்று பாடகர் பி. ஜெயச்சந்திரன் காலமானார். 'வைதேகி காத்திருந்தாள்' படப் பாட்டை நம் உறுப்பினர் ஒருவர் பாட, மற்றவர்கள் கூடவே முணுமுணுத்தோம். அவரை மலையாளப் பாடகர் என்றோ தமிழ்ப் பாடகர் என்றோ யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அதற்கு முன், 2024 டிசம்பர் 25 அன்று, மலையாள எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயர் தம் 91ஆம் வயதில் மறைந்தார். கூடல்லூரில் பிறந்து, பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்த நம் மாவட்டத்துக்காரர். நம்மில் பலர் அவரைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தவர்கள். அதைவிட அதிகம் பேர் திரையில் பார்த்தவர்கள். அதனால் அஞ்சலியாக அவர் எழுதிய படம் ஒன்றைத் திரையிடலாம் என்று குழு முடிவெடுத்தது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்த ஒரு முடிவிலிருந்து வந்தது.

தலைவர் 'நிர்மால்யம்' போடலாம் என்றார். அது எம். டி.யே இயக்கிய படம், அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அக்கா விடவில்லை. "நகக்ஷதங்கள் போடுங்க. மலையாளம் சரியாப் புரியாத வயசுல போய் உட்கார்ந்து நான் அழுத படம் அது" என்றார். சரி என்று அதையே போட்டோம்.

ஹரிஹரன் இயக்கத்தில் 1986இல் வந்த படம் 'நகக்ஷதங்கள்'. குருவாயூருக்கு வரும் ஒரு பையனும் பெண்ணும் அங்கே சந்திக்கிறார்கள். அப்புறம் அவன் வேலைக்கு அண்டிய வீட்டில் வாய்பேச முடியாத பெண் ஒருத்தி இருக்கிறாள். நன்றிக்கடன் ஒரு பக்கம் இழுக்க, மனசு இன்னொரு பக்கம் இழுக்க, கடைசியில் அந்தப் பையன் தன் உயிரையே விட்டுவிடுகிறான். பையனாக வினீத், வாய்பேச முடியாத பெண்ணாக சலீமா, குருவாயூரில் சந்திக்கும் பெண் கௌரியாக மோனிஷா. படம் வந்தபோது மோனிஷாவுக்கு வயது 15. முதல் படத்துக்கே சிறந்த நடிகைக்கான தேசிய விருது. அந்த விருதை அவ்வளவு சின்ன வயதில் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. அதே படத்தில் பாடியதற்காகச் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. 'சிந்து பைரவி'க்காக முந்தின ஆண்டு வாங்கியவர், அடுத்த ஆண்டே மறுபடி வாங்கினார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பேச்சு எங்கே போனது என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். கௌரியைப் பற்றி யாரும் பேசவில்லை. "பாவம், சேர்த்தலைப் பக்கம் கார் விபத்தில் போய்விட்டதே அந்தப் பிள்ளை" என்று ஒருவர் தொடங்க, எல்லோரும் அதையே சொன்னோம். 1992 டிசம்பர் 5, வயது 21, கூடவே பயணம் செய்த தாய் ஸ்ரீதேவி உண்ணி காயத்தோடு தப்பினார், எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னது எனக்கு மறக்காது. அந்தச் செய்தியைத் தாங்கிய பத்திரிகை டிசம்பர் 6 அன்று காலையில் வந்தது. அன்று பகலிலேயே அயோத்தியில் மசூதி இடிபட்டது. அடுத்த நாளிலிருந்து நாடே வேறு பேச்சாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்காக ஒரு நாள் முழுசாக வருத்தப்படக்கூட நமக்கு நேரம் இல்லாமல் போனது என்றார் அவர்.

அது உண்மைதான். ஆனாலும் ஒரு நடிகையை அவர் இறந்த விதத்தை வைத்து மட்டுமே நினைவில் வைத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஆறு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர் அவர். அந்த உழைப்பைப் பார்க்காமல் விபத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் வேலை செய்த காலமே இல்லாமல் போய்விடும். இதைக் குழுவில் சொன்னேன். மீதி மாதங்களில் அவர் படங்களையே வரிசையாகப் பார்க்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் அவரைப் பற்றிச் சுருக்கமாக. 1971 ஜனவரி 24இல் பிறந்தார். கோழிக்கோட்டுக் குடும்பம், வளர்ந்தது பெங்களூரில். தாயார் நடனக் கலைஞர் என்பதால் பரதம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. குடும்ப நண்பரான எம். டி. மூலமாகத்தான் சினிமா வந்தது. 1987இல் தமிழில் 'பூக்கள் விடும் தூது', 1992இல் கார்த்திக்கோடு 'உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன்'. தமிழ்ப் படத்துக்குப் பொள்ளாச்சிக்கும் மலையாளப் படத்துக்குப் பாலக்காட்டுக்கும் பஸ் ஏறிய நம் தலைமுறை அவரை இரண்டு ஊரிலும் பார்த்திருக்கிறது.

அடுத்துப் பார்த்தது அஜயன் இயக்கிய 'பெருந்தச்சன்'. இதுவும் எம். டி. எழுதியதுதான். பெருந்தச்சன் கதை நம் மாவட்டத்துக் கதை. கேரளப் பழங்கதையில் வரும் பறைச்சி பெற்ற பன்னிரு குலத்தில் ஒருவர், பட்டாம்பி, திருத்தாலைப் பக்கம் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லிக் கோயில் வேலைகளைக் காட்டுவார்கள். தந்தையாகத் திலகன், மகனாக நம் பிரசாந்த், மகன் மனசைக் கொடுக்கும் இளந்தம்புராட்டியாக மோனிஷா. பிரசாந்துக்காக வந்த இளைஞர்கள் பின்வரிசையை நிரப்பிவிட்டார்கள். திலகனின் கையிலிருந்து உளி மகன் மேல் நழுவும் இடத்தில் கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. படம் தந்தையுடையது, அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் பேசக் கிடைத்த கொஞ்ச இடத்தில் மோனிஷா என்ன செய்தார் என்று பார்க்கச் சொல்லியிருந்தோம். மேல்சாதிப் பெண்ணின் அடக்கமும், அதற்குள்ளே கிடக்கும் துடுக்கும் ஒரே பார்வையில் வருவதைப் பலர் எடுத்துச் சொன்னார்கள்.

இந்த ஆண்டின் சிறந்த மாலை என்று நான் சொல்வது 'கமலதளம்' திரையிட்ட மாலையைத்தான். லோகிததாஸ் எழுதி, சிபி மலயில் இயக்கிய 1992ஆம் ஆண்டுப் படம். நடன ஆசிரியர் நந்தகோபனாக மோகன்லால், முதலில் அவரைச் சீண்டிவிட்டுப் பிறகு அவரிடமே சீதையாக ஆடக் கற்றுக்கொள்ளும் மாணவி மாளவிகாவாக மோனிஷா. நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித்தரும் டீச்சரை அழைத்திருந்தோம். அவர் படத்தை இரண்டு இடங்களில் நிறுத்தச் சொல்லி, எழுந்து முன்னால் வந்து செய்து காட்டினார். கை எங்கே போகிறதோ அங்கே கண் போக வேண்டும், கண் போன இடத்துக்கு மனசு போக வேண்டும் என்பது அபிநயத்தின் பால பாடம். நடிக்க மட்டும் தெரிந்தவர்கள் ஆடும்போது கை போன பிறகு கண் வரும், மோனிஷாவுக்கு இரண்டும் சேர்ந்தே போகின்றன என்று காட்டினார். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். இப்படி ஆடத் தெரிந்த பெண், 'நகக்ஷதங்கள்' படத்தில் அதை எங்கேயும் காட்டிக்கொள்ளவில்லை. தோளைக் கொஞ்சம் குறுக்கி, காலைத் தேய்த்து, ஒரு ஏழை வீட்டுப் பெண்ணாகவே நடக்கிறார். நடனம் கற்றவர்களுக்கு நிமிர்ந்த முதுகை மறைப்பது லேசான காரியம் இல்லை. 15 வயதில் அதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தானாக வந்ததோ, அது நடிப்புதான். டீச்சர் பேசி முடித்ததும் தையல் கடை அக்கா எழுந்து, "இத்தனை வருசம் அழுதேன், இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார்.

கமலதளத்தில் நந்தகோபனின் மனைவியாக வருபவர் பார்வதி. அவரும் 1986இல்தான், பதின்வயதில்தான் சினிமாவுக்கு வந்தவர். 1992இல் நடிகர் ஜெயராமைக் கல்யாணம் செய்துகொண்டு நடிப்பை விட்டுவிட்டார். ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு பெண்களின் நடிப்பும் ஒரே ஆண்டில் நின்றது. ஒருவர் தாமே விட்டது, இன்னொருவருக்கு விதி நிறுத்தியது. 'தலஸ்தானம்', 'குடும்பசமேதம்', 'சம்பக்குளம் தச்சன்', 'கமலதளம்', தமிழில் ஒன்று என்று அந்த ஒரே ஆண்டில் மோனிஷாவுக்கு இத்தனை படங்கள். முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர்.

அந்த மாலையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "நடிச்சுக்கிட்டே இருந்தா இவங்க எஸ்.எஸ்.எல்.சி. எப்போங்க எழுதினாங்க?" மூத்தவர் ஒருவர், "அம்மிணி, அவங்க படிப்பை விடலே. பெங்களூர்ல காலேஜ்ல சைக்காலஜி படிச்சாங்க" என்றார். பதில் சரிதான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வீடு வாய்ப்பதில்லை. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று நம் வழக்கறிஞர் உறுப்பினரைக் கேட்டு அடுத்த கூட்டத்தில் பேச வைத்தோம்.

'நகக்ஷதங்கள்' வந்த அதே 1986இல்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, 2017இல் விதிகளைச் சேர்த்தார்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தை நடிக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் நிரந்தர வைப்பில் இருக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் இவை 14 வயதோடு நின்றுவிடுகின்றன. கதாநாயகியாகத் தேர்வாகும் 15 வயதுப் பெண்ணுக்கு இந்த மணிக்கணக்கும் வங்கிக்கணக்கும் பொருந்துவதில்லை. ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்து, மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை ஊரெல்லாம் பேசிய ஆண்டு இது. அந்தப் பேச்சில் பதின்வயதுப் பெண்களின் நிலையும் சேர வேண்டும் என்று கூட்டம் ஒருமனதாகச் சொன்னது. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசிக் கூட்டத்தைப் பழைய காலத்துக்குக் கொடுத்தோம். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938 ஜனவரியில் வெளிவந்தது. எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். நாயகி எம். கே. கமலம் அப்போது பதின்வயதுப் பெண். மலையாள சினிமா முதன்முதலில் வாய் திறந்ததற்குப் பின்னால் ஒரு தமிழ் முதலாளி இருந்தார் என்பது நம்மில் பாதிப் பேருக்குப் புதுச்செய்தி. கமலம் 2010 வரை வாழ்ந்தார். ஆனால் 'பாலன்' படத்தின் பிரதி இன்று இல்லை. அவருக்கு முன் மௌனப்பட நாயகியான பி. கே. ரோசி, உயர்சாதிப் பெண்ணாக நடித்ததற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து விரட்டப்பட்டு நாகர்கோவில் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் யாரும் அறியாமல் வாழ்ந்து முடித்தார். அவர் நடித்த படமும் இல்லை. அவர்கள் எப்படி நடித்தார்கள் என்று பார்க்க நமக்கு வழியே கிடையாது. மோனிஷாவுக்கு அந்த வழி இருக்கிறது. பார்க்காமல் விடுவதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை.

திரையிடலுக்குப் புரொஜெக்டர் தந்து உதவிய ஆசிரியருக்கும், கூடத்தை வாடகையில்லாமல் கொடுத்த உறுப்பினருக்கும், ஒவ்வொரு முறையும் சுக்குக் காப்பி போட்டுக்கொடுத்த மகளிர் குழுவுக்கும் சங்கத்தின் நன்றி. மலையாள வசனங்களை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்ன நம் இரண்டு கல்லூரி மாணவிகளுக்குத் தனி நன்றி. அவர்கள் இல்லாமல் வயதானவர்கள் பாதிக் கதையைத்தான் பார்த்திருப்பார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். மோனிஷாவுக்கு ஆண்டுதோறும் ஒரு நாள் வைக்கலாம் என்று குழு விரும்புகிறது. சிலர் டிசம்பர் 5 என்றார்கள். அவர் பிறந்த ஜனவரி 24ஐ வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தேசியப் பெண் குழந்தைகள் தினமும் அன்றுதான். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனமும் நாடகமும், மாலையில் அவர் படம் ஒன்று, நடுவில் படித்துக்கொண்டே வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேச்சு. பேச்சை நடத்த நடன டீச்சர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஜனவரிக்குக் கூடத்தை இப்போதே சொல்லிவைக்க வேண்டியிருப்பதால், இன்றே முடிவு எடுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்