அறிக்கையை அனுப்புவதற்கு முன்

செங்கலடி

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். நேற்று நீ சொன்ன விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. போனில் கதைத்தால் பாதியில் லைன் அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

சுரங்கத்தின் சரிவுப் பாதையில் பாரம் ஏற்றிய டிரக் மேலே வந்துகொண்டிருக்க, உன் ஷிப்டில் ஒரு பொடியன் ரேடியோவில் அறிவிக்காமல் சின்ன வண்டியை உள்ளே இறக்கிவிட்டான். டிரக் சாரதி பிரேக் பிடித்ததால் எல்லோரும் தப்பினார்கள். “அவனுடைய கவனக்குறைவுதான் அப்பா, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து முடிக்கப்போகிறேன்” என்றாய். அப்படி முடித்துவிடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் உன்னிச்சைப் பக்கத்துக் கற்குவாரியில் வெடி வைக்கிற வேலையில் இருந்த காலம், நீ புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அப்போது நடந்த ஒன்றை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பாறையில் குழி துளைத்து மருந்து அடைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஒதுங்கி நின்று சத்தத்தை எண்ணுவோம். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். இரண்டு குழி சேர்ந்து வெடித்தால் கணக்குக் குழம்பிவிடும். ஒன்று வெடிக்காமல் கிடக்கிறதா, இல்லை சத்தம்தான் சேர்ந்து கேட்டதா என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சந்தேகம் என்றால் குறைந்தது அரை மணித்தியாலம் கிட்டப் போகக் கூடாது. அப்புறம் குழி குழியாகப் பார்க்க வேண்டும். அன்று காலை கீழ் முகப்பில் வெடி வைத்த குழு வேறு, பின்னேரம் அங்கே துளைக்க வந்த குழு வேறு.

வெடித்த பாறையின் அடியில் பழைய குழியின் மிச்சம் ஒரு சாண் ஆழத்துக்கு நிற்கும். வழுவழுப்பான கருங்கல்லில் துளைக்கிற கம்பி இலேசில் பிடிக்காது, சறுக்கிக்கொண்டே போகும். அந்த மிச்சக் குழிக்குள் நுனியை வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் அடியில் வெடிக்காத மருந்து கிடக்கலாம் என்பதால் அதில் துளைக்கவே கூடாது என்பது விதி. புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் அங்கேதான் கம்பியை வைத்தான். ஒரு கண்ணும் மூன்று விரலும் போயின.

எல்லோரும் ஒரே வாயில் சொன்னது, அவனுடைய கவனக்குறைவு என்றுதான். ‘கவனமாக வேலை செய்யவும்’ என்று ஒரு பலகை வந்தது, விசாரணை முடிந்தது. ஆனால் குழிக் கணக்கில் கூலி பேசியது யார்? கூலி அப்படியென்றால் கம்பி சீக்கிரம் பிடிக்கிற இடத்தைத்தானே ஒருவன் தேடுவான்? சந்தேகமான குழியை எழுதி வைக்க காலைக் குழுவிடம் ஒரு கொப்பி இருந்ததா? அடையாளம் போட ஒரு பேணி சிவப்புப் பெயின்ட் இருந்ததா? டிப்பர்கள் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றபோது ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருந்தது? இதில் ஒன்றையும் அந்தப் பொடியன் தீர்மானிக்கவில்லை. அடுத்த மாரிக்குள் இன்னொருவன் அதே மாதிரிப் பழைய குழியில் கம்பி வைக்கப் போனதை நானே கண்டு நிற்பாட்டினேன்.

போன முறை வந்தபோது நீ விட்டுவிட்டுப் போன பயிற்சிக் குறிப்புகளை அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் பிரித்துச் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. கை தவறுவது ஒன்று, மறந்துபோவது ஒன்று, சரி என்று நினைத்துப் பிழையான முடிவெடுப்பது ஒன்று, விதி தெரிந்தும் மீறுவது ஒன்று. நான்குக்கும் ஒரே மருந்து சரிவராது. மறந்தவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால் அடுத்த முறை மறக்காமல் இருப்பானா? தெரியாதவனுக்குப் பயிற்சி வேண்டும், மறப்பவனுக்கு நினைவூட்டுகிற ஏற்பாடு வேண்டும். குறுக்குவழியில் போனவனிடம், நேர்வழி ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்க வேண்டும். தெரிந்துகொண்டே மற்றவர்களின் உயிரோடு விளையாடுகிறவன் வேறு, அவனைத் தண்டிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. உன் பொடியன் இதில் எந்த வகை என்று நீ இன்னும் பார்க்கவே இல்லை.

அதே குறிப்புகளில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள கிரெட்லி நிலக்கரிச் சுரங்கம் பற்றியும் இருந்தது. 1996 நவம்பர் 14. பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. கையில் இருந்த வரைபடத்தின்படி அது நூறு மீற்றருக்கும் அப்பால். உண்மையில் சில மீற்றர்தான். இயந்திரம் சுவரை உடைத்ததும் வெள்ளம் பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தும் என்ன செய்திருக்க முடியும்? பிழை எங்கோ ஒரு மேசையில் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. முந்திய ஷிப்டுகளில் தண்ணீர் கசிவதைக் கண்டு எழுதியும் வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்து ஒருவரும் வேலையை நிற்பாட்டவில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2010 செப்டம்பர் 17 அன்று கரடியனாறு பொலிஸ் நிலையத்தில், வீதி வேலைக்காகக் கொள்கலன்களில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. பொலிஸார், பொதுமக்கள், வேலைக்கு வந்த இரண்டு சீனர்கள் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். விபத்து என்று அறிவித்தார்கள். யாருடைய கை எதில் பட்டது என்று ஊர் எவ்வளவோ காலம் கதைத்தது. எனக்கு அன்றும் இன்றும் ஒரே எண்ணம்தான். ஆட்கள் முறைப்பாடு கொடுக்க வந்து போகிற வளவுக்குள் அந்தப் பெட்டிகள் நின்றிருக்காவிட்டால், அதே கை தவறியிருந்தாலும் இத்தனை உயிர் போயிருக்காது. மனிதன் பிழை விடுவான். அந்தப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிற இடத்தில் இப்போது நீ இருக்கிறாய்.

அதனால் உன் பொடியனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நிற்க வைக்காதே. அவனுடைய வண்டியில் பக்கத்தில் ஏறி அதே பாதையில் இறங்கிப் பார். அறிவிக்க வேண்டிய இடத்தைக் காட்டுகிற பலகை வளைவுக்கு முன்பா, பின்பா? சேறு அடித்து மறைந்திருக்கிறதா? அந்த நேரம் ரேடியோவில் எத்தனை பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்? தொடர்ந்து எத்தனையாவது இரவு ஷிப்ட் அது? பகலில் அந்த முகாம் அறை வெக்கையில் அவன் நித்திரை கொண்டானா? 17 மணித்தியாலம் விழித்திருப்பவன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவன் அளவுக்குத் தடுமாறுவான் என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். நித்திரைக் குறைவை ஊதிப் பார்த்துப் பிடிக்க முடியாது, நீதான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திருத்துவது என்று வந்தால் ஹெல்மெட்டும் மினுங்குகிற சட்டையும் கடைசி. டிரக் ஏறும் நேரத்தில் சின்ன வண்டி அந்தப் பாதையில் இல்லாமலே செய்ய முடியுமா என்று முதலில் பார். முடியாவிட்டால் தடுப்புக் கம்பு, சிவப்பு விளக்கு. விதியும் பலகையும் பயிற்சியும் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. நடந்ததைச் சொன்னது டிரக் சாரதி, பொடியன் தானாக வாய் திறக்கவில்லை என்றாய். எனக்கு அதுதான் பயம். அந்த எச்சரிக்கைக் கடிதத்தை நீ கொடுத்தால் ஷிப்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது தெரியவரும். அடுத்த முறை மயிரிழையில் தப்புகிறவர்கள் உன்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள். ஆள் செத்த பிறகுதான் உனக்கு விஷயம் வரும். யாராவது ஒரு கெட்ட செய்தியோடு வந்தால் முதலில் அவனுக்கு நன்றி சொல், பிறகு கேள்வி கேள்.

திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும் என்றாய். நாளைக்கே அவனோடு இறங்கிப் பார்த்துவிட்டு எழுது. எழுதியதை எனக்கும் அனுப்பு, வாசிக்க ஆசையாக இருக்கிறது. அந்தப் பொடியன் எந்த ஊர், கலியாணம் கட்டியவனா என்று அம்மா கேட்கிறா. அதையும் விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா