பண்ணவாடித் துறையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மூன்று ஆண்டுகளுக்கு முன் மேட்டூர் அணையின் பண்ணவாடிப் பரிசல் துறையில் இருவர் ஓட்டும் ஹோபி 16 என்ற இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றே ஒன்றை இறக்கினோம். இந்த ஆடியில் நடந்த போட்டிக்கு ஏழு படகுகள் நின்றன. கடலில்லாத கொங்குச் சீமையில் பாய்மரப் போட்டி எதற்கு என்று கேட்டவர்கள்தான் அன்று முதல் ஆளாய்க் குடை பிடித்து நின்றார்கள்.

தூத்துக்குடியில் ஒரு நடை உப்புப் பாரத்தை விட்டுக்கொடுத்துப் படகுகளை ஏற்றிவந்த நாமக்கல் லாரிக்கார அண்ணனுக்கு முதல் வணக்கம். 145 கிலோ படகைத் தூக்குவது பெரிதல்ல. 26 அடிக்கு மேல் நீளும் பாய்மரம்தான் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் சிவப்புத் துணி கட்டி, விடிய விடிய மெதுவாக ஓட்டிவந்தார்.

சென்னை, இராமநாதபுரம் நண்பர்களே, வெல்வதற்கு மட்டும் வந்திருந்தால் நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. படகுக்கு ஒருவராகப் பிரிந்து நீங்கள் சுக்கான் பிடித்தீர்கள், முன்பாயை எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தீர்கள். பாலமலையைச் சுற்றிவரும் காற்று உங்களையே இரண்டு முறை கவிழ்த்தது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை, மன்னியுங்கள்.

பரிசல்காரப் பெரியவர் இல்லாவிட்டால் அதுவும் வினையாகியிருக்கும். நீர் வற்றினால் தலைகாட்டும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, அணை நிறைந்தபின் எங்கே இருக்கிறது என்பது அவர் துடுப்புக்குத்தான் தெரியும். ஹோபியின் அடியில் பலகை கிடையாது, மேலாக மிதந்து போய்விடும். கவிழ்ந்தால் பாய்மரம் கீழே குத்தும். "கண்ணு, இதற்கு இந்தப் பக்கம் வராதே" என்று பரிசலையே மிதவையாக நிறுத்தி, பகல் முழுதும் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கூலி கொடுத்தபோது பீடிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

கிழிந்த பாயைத் தைத்த ஈரோட்டுத் தார்ப்பாய்க் கடைக்கும், சுக்கான் ஆணி கடைந்து தந்த கோவைப் பட்டறைக்கும், அனுமதி தந்த அலுவலர்களுக்கும் நன்றி. பணம் தருவதாகச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டு போனவரைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

காங்கேயம் எண்ணெய் ஆலை அய்யாவுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். படகில் இருவர் சேர்ந்து 129 கிலோவாவது இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கல்லூரிப் பெண்கள் இருவரும் சேர்ந்தே 104தான். நீங்கள் இரவல் தந்த ஐந்து கிலோ எடைக்கற்கள் ஐந்தைக் கட்டித்தான் அவர்கள் ஓடினார்கள். நான்கு கற்கள் பத்திரமாக இருக்கின்றன. ஐந்தாவது நந்திக்குப் பக்கத்தில் எங்கோ கிடக்கிறது. அணை வற்றட்டும், எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் படகுக்காரர்கள்